மேசை தட்டும் கவுன்சிலர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதல் முறையாக நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி மன்றங்களுக்குள் போன கவுன்சிலர்களுக்கும், அடுத்த தேர்தலில் நின்றுதான் பார்ப்போமே என்று இப்போதே தெருவில் நாலு பேரிடம் பேச ஆரம்பித்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

எல்லாக் கவுன்சிலர்களுக்கும் இதை எழுதவில்லை. சீட்டு வாங்கும்போதே கணக்குப் போட்டு, போட்டதை எடுக்க வந்தவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை, அவர்கள் இதைப் படிக்கப் போவதும் இல்லை. ஏரியில் மண் கொட்டும் லாரியை மறித்தவர், மழை வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்தவர், தெருவிளக்குக்கு மனு எழுதி எழுதியே நகராட்சி ஆபீஸ் வாட்ச்மேனுக்குப் பழக்கமானவர், இப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான் எழுதுகிறேன். 2022 பிப்ரவரியில் உங்களில் சில பேர் ஜெயித்தீர்கள். கட்சிச் சின்னத்திலும் ஜெயித்தீர்கள், சுயேச்சையாகவும் ஜெயித்தீர்கள். அதற்கு முன்னால் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2011-இல். அந்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் எங்கள் ஊர்களை நடத்தினார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்றே தெரியாமல் இருந்த காலம் அது. அதனால் நீங்கள் வந்தபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டோம், பட்டாசெல்லாம் வெடித்தோம்.

அந்தப் பதவிக்காலம் இப்போது கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. எங்கள் ஊர் நகராட்சிக் கூட்டங்களுக்குப் பார்வையாளராகப் போய் உட்காரும் ஒன்றிரண்டு பேரில் ஒருவன், அவ்வளவுதான். உட்கார்ந்து பார்த்ததில் ஒரு விஷயத்தை உங்களிடம் நேராகவே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் விட்டுக்கொடுத்ததில் எங்களுக்குப் பெரிய கோபம் இல்லை. விட்டுக்கொடுத்ததை எங்களுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டீர்களே, அதில்தான் கோபம்.

விட்டுக்கொடுப்பது உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டது என்பது எங்களுக்கும் தெரியும். மார்ச் 2-ஆம் தேதி பதவிப் பிரமாணம், 4-ஆம் தேதி மேயர், தலைவர் தேர்தல். அதில் நாங்கள் ஓட்டுப் போட முடியாது, நீங்கள்தான் போட வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள். அதற்குள் யார் யாரை எங்கே கூட்டிக்கொண்டு போனார்கள், யார் போன் எடுக்கவில்லை என்பதெல்லாம் டீக்கடை வரைக்கும் வந்த கதை. கூட்டணிக்கு ஒதுக்கிய இடங்களில் ஆளுங்கட்சிக்காரர்களே போட்டியாக நின்று ஜெயித்தார்கள், ராஜினாமா செய்யச் சொல்லி முதலமைச்சரே அறிக்கை விட வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட இடத்துக்குள் போகிற ஆள் சட்டை மடிப்புக் கலையாமல் வெளியே வருவார் என்று நம்புகிற அளவுக்கு நாங்கள் அப்பாவிகள் இல்லை. தலைவர் பதவிக்குப் பிடிக்காத ஆளுக்கு ஓட்டுப் போட்டிருப்பீர்கள். சரி, போகட்டும்.

அடுத்த மாதமே சொத்து வரி வந்தது. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் பொதுச் சீராய்வு என்று அரசு அறிவித்தது. சென்னையின் பழைய பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் அறுநூறு சதுர அடிக்குள் உள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், அதற்கு மேல் 1,200 வரை 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போய் சென்னையின் பழைய பகுதிகளில் பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம் வரைக்கும் உயர்வு. ஓட்டுக் கேட்டு வந்தபோது எந்த நோட்டீஸிலும் இது இல்லை. மன்றத்துக்கு வந்தது, எதிர்க்கட்சிக்காரர்கள் கோஷம் போட்டு வெளிநடப்புச் செய்தார்கள், மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள், முடிந்தது.

அன்றைக்கு எங்கள் வார்டுக்காரர் தெருவுக்கு வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உண்மை ஒன்றும் அவ்வளவு அசிங்கமானதும் இல்லை. பதினைந்தாவது நிதிக்குழு நகரங்களுக்குத் தரும் மானியத்துக்குச் சொத்து வரியில் நிபந்தனை வைத்திருந்தது. வரியின் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், வசூல் மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாகக் கூட வேண்டும், இல்லையென்றால் மானியம் கிடையாது. நம் ஊர்களிலோ வருடக்கணக்காக வரியைத் தொடாமல் வைத்திருந்தார்கள். 2018-இல் ஒரு முறை ஏற்றி, ஊரே கத்தியதும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் தேர்தல், அப்புறம் இது. "அண்ணே, இதை நான் எதிர்த்தாலும் நடக்கும், எதிர்த்தால் மூணாவது தெரு வடிகாலுக்கு வர வேண்டிய பணம் நிற்கும், அதனால் மேசையைத் தட்டிவிட்டு வந்தேன், சின்ன வீடுகளுக்கு இவ்வளவுதான் ஏறும், பெரிய வீட்டுக்காரர்கள் என்னைத் திட்டுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்போம், சத்தியமாகத் திட்டியிருப்போம். ஆனால் திட்டிவிட்டு அந்த வடிகாலைப் பற்றியும் கேட்டிருப்போம், கேட்டால் நகராட்சியில் போய் நிற்க உங்களுக்கும் ஒரு காரணம் கிடைத்திருக்கும். நீங்கள் செய்தது என்ன? வரி ரசீது வீட்டுக்கு வருகிற வரைக்கும் வாய் திறக்கவில்லை, வந்த பிறகு "மேலிடத்து உத்தரவு" என்றீர்கள். மேலே இருப்பவர்கள் "மன்றத் தீர்மானம்" என்றார்கள். நாங்கள் நடுவில் நின்று ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

இன்னொன்று சொல்கிறேன், இது எங்கள் வார்டிலேயே நடந்தது. ஊர், பேர் வேண்டாம். குளத்துக்குப் பக்கத்தில் உரம் தயாரிக்கும் மையம் (நகராட்சி பாஷையில் எம்.சி.சி.) வரப்போகிறது என்று பேச்சு. தேர்தலுக்கு முன்னால் எங்கள் தம்பி, இப்போதைய கவுன்சிலர், முன்னால் நின்று எதிர்த்தார். அங்கே வரவே வராது, நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் வராது என்று பேசினார், நாங்களும் கை தட்டினோம். அவர் நல்ல பையன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன், பத்துப் பைசா வாங்கினார் என்று யாரும் சொன்னதில்லை. ஜெயித்து உள்ளே போன பிறகுதான் அவருக்கு முழு விவரமும் தெரிந்திருக்கிறது. ஊர்க் குப்பை முழுக்க ஏரிக்கரையில் மலையாகக் குவிந்து எரிந்துகொண்டிருக்கிறது. அதைக் குறைக்க வேண்டும் என்றால் ஈரக்குப்பையை அந்தந்தப் பகுதியிலேயே உரமாக்க வேண்டும், அதற்கு நகராட்சிக்குச் சொந்தமான இடம் வேண்டும், நம் பக்கத்தில் இருக்கிற ஒரே புறம்போக்கு அந்தக் குளத்தோரம்தான். இந்தப் பக்கம் பத்து இருபது வீட்டுக்கு நாற்றம், அந்தப் பக்கம் ஏரிக்கரைக் குடிசைகளுக்கு வருடம் முழுக்கப் புகை. அவர் யோசித்தார், ஒத்துக்கொண்டார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் ஜேசிபி வந்து நின்றதும்தான் தெரு விழித்துக்கொண்டது. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் கொந்தளிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் "அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்ப முடியும்" என்று ஒரு வரி வந்தது. அடுத்த நாள் காலை அதே குரூப்பில் அவர் அனுப்பிய செய்தி, ஏதோ ஒரு தலைவரின் பிறந்தநாள் வாழ்த்து, பூப்போட்ட பின்னணியில் அவர் கும்பிடுகிற படத்தோடு. அந்த வாழ்த்துதான் எங்களுக்கு ஆறவில்லை, எம்.சி.சி. கூட இல்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் கேடு. எதிர்த்தவர் திடீரென்று பேசாமல் ஆனால் ஊர் என்ன நினைக்கும்? கை நனைந்துவிட்டது என்றுதான் நினைக்கும். இன்றைக்கு வரைக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் ஒரு தொகை வாங்கினார் என்று நம்புகிறார்கள், தொகை மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரு ஐந்து நிமிடம் எங்கள் நடுவில் நின்று பேசியிருந்தால் இந்தப் பேச்சு பிறந்தே இருக்காது. நாங்களும் சும்மா இருந்திருக்க மாட்டோம். மதில் எழுப்பு, குளத்துப் பக்கம் கழிவுநீர் இறங்காமல் கரை கட்டு, ராத்திரியில் வண்டி வரக்கூடாது என்று நாலு கேட்டு இரண்டையாவது வாங்கியிருப்போம். கேட்க ஆள் இல்லாததால் அந்த இரண்டும் வரவில்லை.

இந்த இடத்தில் பழைய ஆட்களைக் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொள்கையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து திண்டாடியவர்கள் நம் சட்டமன்ற வரலாற்றில் வரிசையாக இருக்கிறார்கள், ஆனால் மேடையில் அவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் திண்டாடிய பகுதியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

1967 தேர்தலில் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார். அரிசிப் பஞ்சம் வாட்டிய நேரம், அந்த வாக்குறுதிக்கு இருந்த வேகத்தை வயதானவர்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள். ஜெயித்து உட்கார்ந்து கஜானாவைத் திறந்தால் மூன்று படிக்கு வழி இல்லை. ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் மட்டும் தொடங்கினார்கள், மாநிலம் முழுக்க விரிக்கப் பணம் போதவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் மூன்று படி எங்கே என்று கேட்டுக் கிண்டல் செய்தார்கள், அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை. ஆனால் அந்தக் கட்சியின் முழக்கத்திலேயே மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று ஒரு பிரிவினை இருந்தது. எவ்வளவு முடியும், எது ஆசை என்று ஜனங்களுக்கு முன்னாலேயே கோடு போட்டுச் சொன்ன மாதிரி. இதைச் சாமர்த்தியம் என்பவர்கள் உண்டு, நானும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். இருந்தாலும் அந்த ஒரு படி எங்கே கிடைக்கிறது, எங்கே கிடைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்காக இருந்தது, குரூப்பைப் பூட்டிவிட்டுப் போகவில்லை. அதே அண்ணாதான் 1963-இல் பிரிவினைத் தடைச் சட்டம் வந்தபோது திராவிட நாடு கோரிக்கையையே கைவிட்டவர். கட்சி பிறந்ததற்கே காரணமாகச் சொல்லிவந்த கோரிக்கை அது. கைவிட்டதை ஒளிக்கவில்லை. அதனால் அதைப் பற்றி இன்றைக்கும் சண்டை போட முடிகிறது, சரியா தவறா என்று.

ராஜாஜியை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் கறாரான ஆள். 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளு, சாராய வருமானம் போனால் கஜானாவில் ஓட்டை விழும். அதை அடைக்க 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார், வியாபாரிகள் கொதித்தார்கள். என் கொள்கைக்கு இவ்வளவு செலவு, அந்தச் செலவு இன்னார் தலையில் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற துணிச்சல் அது. வரி விலக்கு, இலவச இணைப்பு, குப்பைக் கட்டணம் ரத்து என்று நோட்டீஸில் அடுக்குகிற நீங்கள் ஒரு வரியிலாவது இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதியதுண்டா?

காமராஜர் 1954-இல் முதலமைச்சரானபோது கட்சிக்குள் தன்னை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையும் பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். மொத்தமே எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவை, அதில் இரண்டு இடம் போட்டியாளர்களுக்கு. ஆதரவாளர்கள் முகம் சுளித்திருப்பார்கள். ஆனால் எதைக் கொடுத்தார், எதைக் கொடுக்கவில்லை என்று பாருங்கள். ராஜாஜி கொண்டுவந்த, ஊர் குலக்கல்வி என்று பெயர் வைத்த அந்தத் திட்டம் கைவிடப்பட்டது, அதை ஆதரித்த சுப்பிரமணியம் அதே அமைச்சரவையில் உட்கார்ந்திருக்கும்போதே கைவிடப்பட்டது. இது பெரிய தலைவர்களுக்குத்தான் முடியும் என்று சொல்லிவிடாதீர்கள். நகராட்சியில் எந்தக் குழுவுக்கு யார் தலைவர் என்பதை விட்டுக்கொடுத்துவிட்டு, மயானத்துக்குப் போகும் பாதையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்று வாங்கிய பேரூராட்சி உறுப்பினர் அம்மா ஒருவரை எனக்குத் தெரியும்.

விட்டே கொடுக்காத ஆள் என்றால் ஓமந்தூரார். 1947 மார்ச்சில் முதலமைச்சர், 1949 ஏப்ரலில் வெளியே. எம்எல்ஏக்களின் சிபாரிசுக்கு இடம் கொடுக்காதவர், சொந்தக் கட்சிக்காரர்களே அவருக்கு எதிராகத் திரண்டார்கள், விலகினார், கடைசிக் காலம் வடலூரில். மேடையில் இந்தக் கதையைக் கண்ணீரோடு சொல்வார்கள், நல்லவனுக்கு இங்கே இடமில்லை என்று முடிப்பார்கள். இடையில் இருந்த இரண்டு வருடத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஆலயப் பிரவேசச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம் என்று அவர் காலத்தில் வந்ததைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். நாற்காலி போனாலும் கையில் ஏதோ நிறைவேறியிருந்தது. நீங்களும் அப்படிப் போகிறீர்கள் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்றையும் முடிக்காமல் முகநூலில் ஒரு நீளமான பதிவு போட்டுவிட்டு "மனசாட்சி இடம் தரவில்லை" என்று ஒதுங்கிக்கொள்வது ஓமந்தூரார் வழி கிடையாது. உங்கள் மனசாட்சிக்கு அது நல்லதாக இருக்கலாம், எங்கள் வடிகால் அப்படியேதான் கிடக்கும்.

சரி, எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் பேசிவிடுகிறேன், இல்லையென்றால் இது ஒருதலைப்பட்சமாகிவிடும். 2023 ஜூலையிலிருந்துதான் உங்களுக்கு மாத மதிப்பூதியம் என்று ஒன்று வந்தது. மாநகராட்சி கவுன்சிலருக்கு 10,000 ரூபாய், நகராட்சிக்கு 5,000, பேரூராட்சிக்கு 2,500. நகராட்சிக் கவுன்சிலர் ஐயாயிரத்தை வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் எப்படி நடமாடுவார்? காது குத்துக்குக் கூப்பிடுகிறோம், மொய் எதிர்பார்க்கிறோம். சாவு வீட்டுக்கு வந்தால் மாலையோடு வர வேண்டும், ஃப்ரீசர் பெட்டிக்கு அவர்தான் சொல்ல வேண்டும், சொன்னால் பணமும் அவர் தலையில். கோயில் கொடைக்கு ரசீது புத்தகத்தை முதலில் அவர் வீட்டுக்குத்தான் கொண்டு போகிறோம், ஐந்நூறு எழுதினால் அவர் முன்னாலேயே முகத்தைச் சுளிக்கிறோம். கிரிக்கெட் டோர்னமெண்டுக்குக் கோப்பை, ஆடி மாதம் கூழுக்கு அரிசி, பொங்கலுக்குக் கோலப் போட்டிப் பரிசு. ஓட்டுக்குக் காசு வாங்கிய வீடும் இதே தெருவில்தான் இருக்கிறது, அவர்கள்தான் ஊழலைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். இதெல்லாம் சேர்ந்து கடைசியில் காண்ட்ராக்டர் தருகிற பர்சன்டேஜை நோக்கித்தான் உங்களைத் தள்ளுகிறது என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன?

ஆனாலும் வாய் திறக்கச் சொல்கிறேன். "என்னால் முடியாது, எனக்கு வருவது ஐயாயிரம்" என்று ஒரு வருடம் சொல்லிப் பாருங்கள். கஞ்சன் என்பார்கள். அந்தப் பெயர் வாங்கிய ஒருவர் பக்கத்து வார்டில் இருக்கிறார், அவர் வீட்டுக்கு ரசீது புத்தகம் போவதே நின்றுவிட்டது. ஆனால் அவர் வார்டில் போட்ட சிமெண்ட் ரோட்டை அவர் கம்பியால் குத்திப் பார்த்து ஆழம் போதாது என்று சொன்னபோது காண்ட்ராக்டர் பதில் பேசவில்லை. பேச அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

எதை விட்டுக்கொடுக்கலாம் என்று என்னிடம் அட்டவணை ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். உங்களுடையதை விட்டுக்கொடுங்கள், பதவி, பேர், கல்வெட்டில் எந்த வரிசை, முதல் ரோடு யார் வார்டுக்கு, இதெல்லாம் உங்கள் கணக்கு. அடுத்தவன் வாயிலிருந்து எடுத்து விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. தூய்மைப் பணியைத் தனியாருக்கு விடும் தீர்மானம் ஊர் ஊராக மன்றங்களுக்கு வருகிறது, பெரும்பாலும் வந்த வேகத்தில் நிறைவேறுகிறது. அங்கே மேசையைத் தட்டிய கையில் ஒன்றும் குறையவில்லை, குறைந்தது யாருடைய சம்பளம் என்று எல்லோருக்கும் தெரியும். 2025 ஆகஸ்டில் சென்னை ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் வெயிலிலும் மழையிலும் நாள்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள், கடைசியில் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அந்தக் கட்டடத்துக்குள் போய் வருகிற இருநூறு கவுன்சிலர்களில் கொள்கை பேசி வந்தவர்கள் கொஞ்சப் பேராவது இருப்பீர்கள். அந்த நாட்களில் வாசலுக்கு வந்து, எதிராகவோ ஆதரவாகவோ, இன்ன காரணத்தால் நான் இப்படி என்று அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்துச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கட்சி விடாது என்பீர்கள். இதைத்தான் எல்லோரும் சொல்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திப் பேசுகிறேன். எம்எல்ஏ ஒருவர் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும், அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணை அப்படிச் சொல்கிறது. 2017-இல் ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததற்கே பதினெட்டு எம்எல்ஏக்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான், உங்களுக்குக் கிடையாது. சுயேச்சையாக ஜெயித்த சில பேர் அடுத்த வாரமே துண்டு மாற்றிக்கொண்டு போக முடிந்ததே, அதே ஓட்டை வழியாகத்தான் நீங்கள் எழுந்து "பொருள் எண் இன்னதில் என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லவும் முடியும். சொன்னால் பதவி போகாது. அடுத்த முறை சீட்டுக் கிடைக்காமல் போகலாம், மாவட்டச் செயலாளர் கூப்பிட்டுச் சத்தம் போடலாம், உங்கள் வார்டு வேலை ஃபைல் மேசை மேசையாக நகராமல் கிடக்கலாம். இவையெல்லாம் நிஜமான பயங்கள்தான், நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் "சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது" என்று மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள்.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் நான் பார்ப்பது என்ன தெரியுமா? அஜெண்டா தடிமனாக ஒரு புத்தகம். எழுத்தர் எண்களை மட்டும் வேகமாக வாசிக்கிறார், முன் வரிசையிலிருந்து ஒரு குரல் "ஆல் பாஸ்" என்கிறது, படபடவென்று மேசைச் சத்தம், அப்புறம் ஸ்வீட், மிக்சர், காபி. மிக்சர் தட்டு வருவதற்குள் ஊரின் மூன்று வருடத்துக் குப்பை ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. பின்வரிசையில் ஒரு பெண் கவுன்சிலர், அஜெண்டாவில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருப்பார். எழுந்திருக்கப் பார்ப்பார், அதற்குள் முடிந்திருக்கும். பாதி இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம், அவர்களில் சிலருக்குப் பதிலாக வீட்டுக்காரர் ஆபீஸில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கிக் கொடுப்பதும் ஊருக்குத் தெரியும். அந்த அம்மா அப்படி இல்லை. தங்கச்சி, அடுத்த முறை வாசிக்க ஆரம்பிக்கும் முன்பே எழுந்து நின்றுவிடுங்கள், உட்காரச் சொல்வார்கள், உட்காராதீர்கள்.

வழி இல்லாமலும் இல்லை. 2022 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க நகரங்களில் ஏரியா சபா தொடங்கியது, கிராம சபை மாதிரியே. முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த சபாவில் போய் உட்கார்ந்தார். எங்கள் வார்டில் முதல் கூட்டம் நன்றாக நடந்தது, நாற்காலி போதாமல் ஜனங்கள் நின்றார்கள். அப்புறம் எப்போது நடக்கிறது என்றே தெரிவதில்லை, நோட்டீஸ் யாருக்கும் வருவதில்லை, கையெழுத்துப் புத்தகம் மட்டும் வீடு வீடாக வந்து போகிறது. நீங்கள் மன்றத்தில் எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று சொல்ல இதைவிட நல்ல இடம் வேறு எங்கே கிடைக்கும்? டீயும் பிஸ்கட்டும் வேண்டாம், மைக் கூட வேண்டாம், பள்ளிக்கூட வராண்டா போதும்.

கேட்பது இவ்வளவுதான். மன்றக் கூட்டத்தின் அஜெண்டா கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து வார்டு குரூப்பில் போடுங்கள், குரூப்பைத் திறந்தும் வையுங்கள், இரண்டு நாள் கண்டபடி பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்த அன்றே எதற்கு மேசையைத் தட்டினீர்கள், ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். எழுத வராதென்றால் வாய்ஸ் மெசேஜ் போதும்.

அப்புறம் அடுத்த தேர்தலுக்கு நோட்டீஸ் அடிப்பீர்கள் இல்லையா, போட்ட ரோடு, வைத்த விளக்கு, திறந்த ரேஷன் கடை எல்லாம் வரிசையாக வரும், வரட்டும். அந்த நோட்டீஸின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கும், அங்கே செய்கிறேன் என்று சொல்லிச் செய்யாததையும், எதிர்ப்பேன் என்று சொல்லி ஒத்துக்கொண்டதையும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தையும் அச்சடியுங்கள். எங்கள் வார்டுத் தம்பி அப்படி ஒன்று அடித்தால், பின்பக்கத்துக்கு ஆகும் அச்சகச் செலவை நான் தருகிறேன். அந்த எம்.சி.சி. விஷயத்தை மட்டும் முதல் வரியில் போடச் சொல்லுங்கள்.